அலெக்ரோவா, மரீனாவா, மேக்ஸியா? பழி சுமந்த மூன்றில் எதை வாங்குவது

1970களின் பிரிட்டிஷ் குடும்பக் கார் ஒன்றை வாங்கிப் பராமரித்து ஓட்ட நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஃபோர்டு எஸ்கார்ட்டையும் கோர்ட்டினாவையும்தான். ராலிப் பந்தயப் புகழ் எஸ்கார்ட்டின் விலையை எங்கோ கொண்டுபோய்விட்டது. கோர்ட்டினாவும் பின்னாலேயே ஏறுகிறது. சாதாரணச் சம்பளக்காரருக்கு மிஞ்சுவது அதே தெருக்களில் அன்று நின்ற பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்தின் வண்டிகள்: ஆஸ்டின் அலெக்ரோ, மோரிஸ் மரீனா, ஆஸ்டின் மேக்ஸி. மூன்றுக்கும் ஊரெல்லாம் கெட்ட பெயர். அதிலும் அலெக்ரோ என்றாலே சிரிப்பவர்கள் அதிகம். சிரிப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த வண்டியின் பானட்டைத் திறந்து பார்த்தவர்கள் அல்ல.

வாங்கும் முடிவு பெயரை வைத்து எடுக்கக் கூடாது. எந்தப் பழி உண்மை, எது பழுது பார்த்தால் தீரும், எது தீராது என்று பிரித்தால்தான் மூன்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது தெரியும். அதிகப் பழியைச் சுமப்பதால் அலெக்ரோவிலிருந்தே தொடங்குவோம்.

அலெக்ரோ மீதான குற்றச்சாட்டுகள்

1973 மே மாதம் வெளிவந்த அலெக்ரோ, 1982 வரை பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் ஆலையில் தயாரானது. ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதன் உருண்ட தோற்றத்தைக் கேலி செய்பவர்கள் வடிவமைப்பாளர் ஹாரிஸ் மேனின் முதல் வரைபடங்களைப் பார்க்க வேண்டும். தாழ்ந்த, கூர்மையான கார் அது. செலவை மிச்சம் பிடிக்க மரீனாவுக்குச் செய்த உயரமான ஹீட்டர் பெட்டியையே இதிலும் வைக்கச் சொன்னார்கள். போதாததற்கு, மேக்ஸிக்குச் செய்த ஈ-சீரிஸ் எஞ்சினும் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், அகலப்படுத்த இடமில்லை. 1485 சிசியை 1748 சிசி ஆக்க பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டினார்கள், எஞ்சின் உயரமானது. பானட் உயர்ந்ததற்கு இவ்வளவுதான் காரணம். வண்டியின் ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது சதுரமும் இல்லாத வட்டமும் இல்லாத அந்த ஸ்டியரிங். தொடைக்கு இடம் கிடைக்கவும் மீட்டர்கள் மறையாமல் தெரியவும் என்று வைத்தது. வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை, இரண்டே ஆண்டுகளில் எடுத்துவிட்டார்கள். அலெக்ரோவில் பெரும்பான்மை வட்ட ஸ்டியரிங் வண்டிகளே. இன்று அந்தச் சதுர ஸ்டியரிங் உள்ள முதல் சீரிஸ் வண்டியைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

பின் சக்கரம் கழன்று ஓடும் என்ற பழிதான் எல்லாவற்றிலும் கனமானது. அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது, அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அலெக்ரோவின் பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங் இருக்கிறது. அதற்கு மயிரிழை அளவு ஆட்டம் விட்டே ஆக வேண்டும். முந்தைய ஆஸ்டின் 1100, 1300 வண்டிகளின் ஹப் நட்டை இறுக்கி இறுக்கிப் பழகிய மெக்கானிக்குகள் இதையும் அதே பலத்தில் முறுக்கினார்கள். பேரிங் சூடேறி, நொறுங்கி, ஹப்போடு சக்கரம் போனது. கோளாறு இறுக்கிய கையில் இருந்தது. இன்றும் இதே தவறு நடக்கும் என்பதால் முறையைச் சொல்லிவிடுகிறோம்: முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கிரீஸ் மூடியையும் கோட்டர் பின்னையும் எடுங்கள். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை லேசாக இறுக்கினால் பேரிங் தன் இடத்தில் உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப முடுக்கி, பின் துளை நேராகும் வரை பின்னோக்கித் திருப்புங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் கைக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். புதிய கோட்டர் பின் போடுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டி முறுக்குபவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

பின் கண்ணாடி பெயர்ந்து விழும் என்ற கதையும் ஜாக்கி வைக்கும் இடத்தைப் பற்றியதுதான். தரைத்தகட்டின் நடுவில் ட்ராலி ஜாக்கியை வைத்துத் தூக்கினால் உடல் முறுக்கும். கண்ணாடி ரப்பர் காய்ந்திருந்தால் விலகும். கையேடு காட்டும் இடங்களில் மட்டும் தூக்குங்கள். பின்னோக்கி ஓட்டினால் காற்றை நன்றாகக் கிழிக்கும் என்ற பேச்சு வாங்குபவருக்கு எந்த வகையிலும் உதவாது.

துருவில் அலெக்ரோ தன் காலத்து வண்டிகள் பலவற்றைவிட உறுதியானது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தகடு கெட்டி, வெல்டிங்கும் நன்றாகவே இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழ் ஓடும் சில், அதன் பின்முனையில் பின் சப்ஃப்ரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) மாட்டும் பகுதி, முன் விங்கின் அடிப்பாகம், பேட்டரித் தட்டு, கதவுகளின் கீழ் விளிம்பு, டிக்கித் தரை. சில்லின் மேல் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள்.

ஹைட்ராகாஸ்: பயப்பட வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை

அலெக்ரோவை வாங்கத் தயங்க வைப்பது அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ஹைட்ராகாஸ் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கும் தனி ஷாக் அப்சார்பரும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டை ஒன்று. ஒரே பக்கத்து முன்-பின் உருண்டைகளைத் திரவக் குழாய் இணைக்கிறது. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் திரவம் பின்னுக்குப் போய் பின்பக்கத்தையும் தூக்கும். வண்டி குனிந்து நிமிராது. நல்ல நிலையில் உள்ள அலெக்ரோவில் குண்டும் குழியுமான சாலையில் உட்கார்ந்து பார்த்தவர், அதே அளவுள்ள லீஃப் ஸ்பிரிங் வண்டியில் மறுபடி ஏற விரும்ப மாட்டார்.

இதில் இரண்டு விதக் கோளாறு வரும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலர் பணத்தை இழக்கும் இடம். திரவம் கசிந்தால் ஒரு பக்கம் முழுவதும் படுத்துவிடும். அடியில் ஓடும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கும் அல்லது இணைப்பு ஒழுகும். சரிசெய்து பம்ப் அடித்தால் முடிந்தது. வாயு கசிவது வேறு. நாற்பது ஆண்டுகளில் நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். வண்டி தாழும், உரிமையாளர் திரவத்தை ஏற்றி உயரத்தைச் சரிக்கட்டுவார். உயரம் சரியாகிவிடும், ஆனால் மெத்தென்று அமுங்க உள்ளே வாயு இருக்காது. வண்டி மாட்டுவண்டி போலத் தூக்கிப்போடும். "அலெக்ரோ ஓட்டமே இப்படித்தான்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படி வாயு போன வண்டியில் போனவர்கள்.

சோதனை எளிது. சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து மேல் வளைவு வரை டேப்பால் அளந்து, கையேட்டு அளவோடும் இடது வலது பக்கங்களோடும் ஒப்பிடுங்கள். பிறகு முன் மூலையில் உடல் பாரம் முழுவதையும் வைத்து அமுக்குங்கள். உயரம் சரியாக இருந்தும் அமுங்க மறுத்தால் வாயு போய்விட்டது. உருண்டை புதிதாக இப்போது தயாராவதில்லை. ஆனால் பழையதில் வால்வு பொருத்தி மறுபடி நைட்ரஜன் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். எம்ஜி எஃப் ஸ்போர்ட்ஸ் காரில் 2002 வரை இதே சஸ்பென்ஷன் இருந்ததால், அந்த வண்டிகளைப் பார்க்கும் பட்டறைகளில் பம்பும் கிடைக்கும், அனுபவமும் கிடைக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: இதில் ஊற்றுவது தண்ணீர், ஆல்கஹால், துருத்தடுப்பு மருந்து கலந்த திரவம். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கெடும்.

எந்த அலெக்ரோ?

இங்கே எங்கள் தீர்ப்பு தெளிவானது: 1275 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் உள்ள 1300. மினியில் இருந்த அதே குடும்ப எஞ்சின் என்பதால் கேஸ்கெட், பேரிங், பிஸ்டன், வாட்டர் பம்ப் என்று ஏறக்குறைய எல்லா உள்பாகமும் தபாலில் வீடு வந்து சேரும். வால்வைத் திறக்கும் அமைப்பில் விட வேண்டிய டேப்பட் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம். எட்டு வால்வையும் ஒன்பதுக் கணக்கில் பார்க்கலாம்: எட்டாவது முழுவதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. கூட்டினால் ஒன்பது வரவேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

ஈ-சீரிஸ் 1500, 1750 எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது, இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் எனும் மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். அதற்குக் கேம் ஷாஃப்ட் இருக்கும் மேல்பாகத்தையே கழற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியர் சுகம்தான். உதிரிப் பாகம் தேடுவது அவ்வளவு சுகமாக இருக்காது.

ஏ-சீரிஸ் அலெக்ரோவில் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், ஆயில் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஆயில் இரண்டுக்கும். கியர் பற்கள் ஆயிலை அரைத்து நீர்க்கச் செய்துவிடும். ஆகவே 20டபிள்யூ-50 மினரல் ஆயில், சுமார் 5 லிட்டர், 3000 மைலுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். புதிய கார்களின் மெல்லிய சிந்தெடிக் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது. ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க: இரண்டாவது கியர் நரநரவென்று விழுந்தால் சிங்க்ரோ (கியர் வேகங்களைப் பொருத்தும் வளையம்) தேய்ந்திருக்கிறது, கிளட்ச் விடும்போது வண்டி உதறினால் பிரைமரி கியர் ஆயில் சீல் கசிந்து கிளட்ச் நனைந்திருக்கலாம், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நகர்த்தும்போது டக்டக் சத்தம் வந்தால் முன் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் வெளிப்பக்க மூட்டான சிவி ஜாயிண்ட் போய்விட்டது. முன்பக்கம் சரசரவென்ற சத்தம் டைமிங் செயின். கடைசி இரண்டும் கடினமான வேலை இல்லை. கியர் பாக்ஸ் என்றால் எஞ்சினோடு சேர்த்து இறக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் பேசிக் குறையுங்கள். ஆட்டோமேட்டிக்கும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது. அண்மையில் பிரித்துச் செய்ததற்கான ரசீது இல்லாவிட்டால் வேண்டாம்.

சீரிஸ்களில் 1975 அக்டோபருக்குப் பிந்திய இரண்டாவது சீரிஸ் பின் இருக்கையில் கால் நீட்ட இடம் கூடியது. பின்பக்கம் சாமான் வைக்க நீட்டிய எஸ்டேட் வண்டியும் அதே ஆண்டில்தான் வந்தது. 1979இல் வந்த மூன்றாவது சீரிஸ் அன்றாட ஓட்டத்துக்கு மிக நல்லது. 1980க்குப் பிறகு வந்தவற்றில் மெட்ரோவோடு அறிமுகமான ஏ-பிளஸ் எஞ்சினும் கிடைக்கும். தோல் இருக்கை, வால்நட் மரம், செங்குத்தான கிரில் வைத்த வாண்டன் பிளாஸ் 1500, அலெக்ரோவின் ஆடம்பர வடிவம், தனி ரகம். வெம்பிளியில் கடை வீதி சுற்றும் தமிழர்களுக்கு ஒரு செய்தி: அந்த வண்டிகளுக்கு மரமும் தோலும் பொருத்தியது அடுத்த பேட்டையான கிங்ஸ்பரியில் இருந்த ஆலையில்தான். மர வேலை வெடித்திருந்தால் செலவு எஞ்சின் வேலையைவிட அதிகமாகும்.

மரீனா: கையில் ஸ்பானர் பிடிப்பவருக்கு

1971 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டின் கவுலி ஆலையிலிருந்து வந்த மரீனா நேரெதிர் வண்டி. எஞ்சின் நீளவாக்கில், கியர் பாக்ஸ் தனியாக, பின் சக்கர ஓட்டம், பின்னால் லீஃப் ஸ்பிரிங். பானட்டைத் திறந்தால் இருபக்கமும் கை நுழைய இடம் இருக்கும். 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின் நம்மவர்களுக்கு அந்நியமில்லை. அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம். கோயம்புத்தூரில் அம்பாசடர் எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர் மரீனா 1.8 முன் நின்றால் பாதி வேலை கண்ணை மூடிக்கொண்டே செய்வார். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலும் இந்த எஞ்சின்தான் என்பதால் பிரிட்டனில் பாகத்துக்குப் பஞ்சமில்லை.

முன் சஸ்பென்ஷன் மோரிஸ் மைனரின் வழியில் வந்தது: டார்ஷன் பார் (முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), கீழே ட்ரனியன் (சக்கரம் திரும்ப விடும் மரையுள்ள மூட்டு), மேலே லீவர் வகை ஷாக் அப்சார்பர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மைனரைக் கட்டிக்காத்தவர்களுக்கு ட்ரனியனை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியும். கிரீஸ் கன்னை எடுத்து 3000 மைலுக்கு ஒருமுறை நிப்பிளில் புதுக் கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடங்கிக்கொள்ளும். லீவர் ஷாக் அப்சார்பரில் ஆயில் ஒழுகினால் முன்பக்கம் மிதக்கும்.

மரீனா மீதான பழியில் ஒன்று நியாயமானது. 1971இல் பத்திரிகைக்காரர்கள் ஓட்டிய முதல் 1.8 வண்டிகள் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போயின. முன் சஸ்பென்ஷனை அவசரமாகத் திருத்தினார்கள். 1975இல் வந்த இரண்டாவது மரீனாவில் வளைவில் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பாரும் சேர்ந்தது. வாங்கினால் அதற்குப் பிந்தியதை வாங்குங்கள். கியர் பாக்ஸ் ட்ரயம்ஃப் வழியில் வந்தது. 1.3 எஞ்சினுக்குப் போதும், 1.8இன் இழுப்புக்குச் சற்று மெலிது. மூன்றாவதில் காலை எடுத்ததும் கியர் கம்பி நழுவினால் பிரித்தாக வேண்டும்.

துருவில்தான் மரீனா அலெக்ரோவிடம் தோற்கிறது. விளக்கைச் சுற்றிய தகடு, முன் விங், சில், ஸ்டெப்னி வைக்கும் குழி, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாவற்றிலும் அரிக்கும். தரைக்கடியில் டார்ஷன் பார் பின்முனை நிற்கும் குறுக்குத் தகடு போயிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அது வெறும் டிங்கரிங் வேலை அல்ல, சஸ்பென்ஷனையே தாங்கும் இடம். நல்ல மரீனா அரிதானதற்கு வேறொரு காரணமும் உண்டு. மோரிஸ் மைனரைப் பலப்படுத்த விரும்பியவர்கள் மரீனாவின் 1275 எஞ்சினுக்கும் முன் டிஸ்க் பிரேக்குக்குமாகவே பல வண்டிகளை உடைத்தார்கள்.

மேக்ஸி: இடம் வேண்டுபவருக்கு மட்டும்

1969இல் வந்த மேக்ஸி, மினியைத் தந்த அலெக் இஸிகோனிஸின் கைப்பட்ட கடைசிக் குடும்பக் கார். ஐந்து கதவு, ஐந்து கியர் என்று அந்தக் காலத்துக்கு மிக முன்னால் நின்றது. நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும் நீளத்துக்குள் ஐந்து பேர் காலை நீட்டி உட்காரலாம். இருக்கைகளைச் சாய்த்தால் இருவர் படுக்கலாம். அலெக்ரோவுக்குப் பின் கதவு வைக்காமல் விட்டதே மேக்ஸியின் விற்பனையைக் காப்பாற்றத்தான் என்பார்கள். அலெக்ரோவுக்கு இழைத்த உண்மையான அநியாயம் அதுதான். அடுத்த ஆண்டே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் பின் கதவோடு வந்தது.

முதல் மேக்ஸிகளின் கேபிள் கியர் மாற்றம் கஞ்சிக்குள் கரண்டி விட்டுக் கிண்டுவது போல் இருக்கும். 1970 கடைசியில் கம்பி முறைக்கு மாற்றினார்கள், அதற்கு முந்தியது வேண்டாம். எஞ்சின் ஈ-சீரிஸ் மட்டுமே, ஆகவே மேலே சொன்ன ஷிம் வேலையும் பாகத் தேடலும் உண்டு. மூன்று வண்டிகளில் உடல் பாகங்கள் கிடைப்பது மிகக் கடினம் மேக்ஸிக்குத்தான். 1978க்கு முந்தியவற்றில் வாயு உருண்டைக்குப் பதில் ரப்பரால் வேலை செய்யும் ஹைட்ரோலாஸ்டிக். வாயு கசியும் கவலை அதில் இல்லை.

எதை எடுப்பது

வீட்டு வாசலில் நீங்களே வேலை செய்வீர்கள், வெல்டிங்கும் தெரியும் என்றால் மரீனா 1.8. பிள்ளைகளோடு கூடாரமும் சுமந்து ஸ்காட்லாந்து வரை போக வேண்டும், பாகத்துக்குக் காத்திருக்கப் பொறுமையும் உண்டு என்றால் மேக்ஸி 1750. மற்ற எல்லோருக்கும் அலெக்ரோ 1300, அதுவும் மூன்றாவது சீரிஸ். அலெக்ரோவுக்கும் மரீனாவுக்கும் முன்-பின் அச்சு இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அலெக்ரோ முப்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. லண்டன் தெருவில் நிறுத்த இடம் தேடுபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

நாற்பது ஆண்டு தாண்டியதால் வரலாற்று வாகனப் பதிவில் மூன்றுக்கும் சாலை வரி இல்லை, லண்டனின் உலெஸ் (புகை மாசுக்காக வாங்கும்) கட்டணமும் இல்லை. சாலை வரியாகக் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்றாலும் அதற்கு ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் செய்துகொள்ளுங்கள், கீழே நின்று பார்க்க லிஃப்டும் இன்னொரு ஜோடிக் கண்ணும் அந்தப் பணத்துக்குக் கிடைக்கின்றன. வாங்கும் முன் அந்தந்த வண்டியின் உரிமையாளர் சங்கத்தில் சேருங்கள். அலெக்ரோ கிளப் இன்டர்நேஷனல் போன்ற இடங்களில் நல்ல வண்டிகள் விளம்பரத்துக்கு வருமுன்பே கைமாறிவிடும்.

அலெக்ரோவை எடுத்து வந்த முதல் வாரத்தில் இந்த வரிசையில் போங்கள். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ஆர்9 ரகத்துக்கு மாற்றுங்கள்; 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால், அது பழைய குழாயை உள்ளிருந்து கரைக்கும். எத்தனால் குறைவான இ5 சூப்பர் பெட்ரோலையே ஊற்றுங்கள். ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டதற்கு ரசீது இல்லை என்றால் ஈயத்துக்கு மாற்றான மருந்தைச் சேருங்கள், நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். எஸ்யூ கார்புரேட்டரின் மேல் மூடியைத் திறந்து உள்ளே கொஞ்சம் ஆயில் விடுங்கள். அது காய்ந்திருந்தால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது வண்டி திக்கும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் 0.015. ரேடியேட்டர் மின்விசிறி தானாக ஓடுகிறதா என்று நின்ற இடத்திலேயே எஞ்சினைச் சூடேற விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயிலை முழுவதும் புதிதாக்குங்கள். கடைசியாகப் பின் ஹப் இரண்டையும் திறந்து, மேலே சொன்னபடி, விரல் முடுக்கோடு நிறுத்துங்கள். முந்தைய மெக்கானிக் எப்படி இறுக்கினார் என்று உங்களுக்குத் தெரியாது.